தூணில் கட்டிய வண்டி

செப்டம்பர் 3, புதன்

வில்லியம் சார் வண்டியைத் தூக்கிவிட்டார்கள். சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ இல்லை. எங்கள் எதிர்வீட்டில், கேட்டுக்கு உள்ளே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்ற வண்டி. காலையில் பால் வாங்க வந்த மனிதர் வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆயில் சொட்டின கறை மட்டும் மிச்சம். "ஹேண்டில் லாக் போட்டிருந்தேன் அழகுமலை சார், போட்டிருந்தேன் சார்" என்று என்னிடமும் தெருவில் போகிற வருகிற எல்லாரிடமும் புலம்பினார். ஹேண்டில் லாக்கெல்லாம் ஒரு பூட்டா? ஓங்கி ஓர் உதை விட்டால் போதும் என்று விசாரிக்க வந்த ஏட்டே சொல்லிவிட்டுப் போனார்.

என் வண்டியும் அதே ஹேண்டில் லாக்கை நம்பித்தான் போர்ட்டிகோவில் நிற்கிறது. கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தபோது வாங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் மேலூர் சுற்றுவட்டாரத்தில் எந்த மாடு பருவத்துக்குக் கத்தினாலும் என் போன்தான் அடிக்கிறது. பின்சீட்டில் ஊசிக் கேனைக் கட்டிக்கொண்டு நான் போய் நின்றால்தான் அந்த மாட்டுக்குச் சினை ஊசி. வண்டி போனால் நான் வெறும் பென்ஷன்காரன். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் உட்பட வாசிக்க வேண்டியதுதான். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். நேற்றுக் கால்வாய்க் கரையில் வண்டி சறுக்கி விழுந்தேன். மண் சரியில்லை. வண்டிக்கு ஒன்றுமில்லை, எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. கண்ணைத் திறந்தால் சுற்றிலும் நாலைந்து பேர், என் கைக்குள் யாருடைய சாவிக்கொத்தோ. விழுந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதை விட்டுவிட்டு இரும்பைத் திணிக்கிறார்கள். இந்த ஜனங்களை என்ன சொல்ல! மண் சறுக்கிவிட்டது என்று வீட்டுக்காரி பாக்கியத்திடம் சொன்னேன். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

சங்கிலி வாங்கிவிட்டேன். கோயில் யானைக்குப் போடலாம், அந்தக் கனம். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு. பின்சக்கரத்துக்குள் நுழைத்துப் போர்ட்டிகோத் தூணோடு சேர்த்துக் கட்டியாயிற்று. இனி வண்டியைத் திருட வேண்டுமானால் வீட்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

பூட்டுச் சாவியை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய குழப்பம். சாமி அலமாரி, அரிசி டப்பா, தலையணை உறை என்று யோசித்துவிட்டுக் கடைசியில் என் அரைஞாண் கயிற்றிலேயே முடிந்துகொண்டேன். அங்கே எவன் கை வைப்பான்? பாக்கியம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நல்ல இடந்தான். ஒடம்போட இருந்தா யாருக்கும் தெரியாதுல்ல" என்றாள். இவள் என் யோசனையைப் பாராட்டி எத்தனையோ வருஷமாகிறது.

நான் பூட்டுக் கடையில் இருந்த நேரத்தில் மச்சக்காளை என்று ஓர் ஆள் வீட்டுக்கு வந்திருக்கிறான். அன்றைக்கு என் கையில் இருந்தது அவனுடைய மோட்டார் ரூம் சாவியாம். ஞாபகமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

"வேறென்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்றான். தண்ணி பாய்ச்சணுமாம், சாவிய வாங்கிட்டுப் போயிட்டான்."

என் முகத்தைப் பார்க்காமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு அவ்வளவு பீன்ஸ் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சங்கிலியைப் பார்த்தேன். இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

சங்கிலி இருக்கிறது, வண்டி இருக்கிறது, டயரில் காற்று இல்லை. இரண்டு சக்கரமும் தரையோடு அப்பிக்கிடக்கின்றன.

இன்று பார்த்தா இப்படி ஆக வேண்டும்? விடிந்ததும் ஓச்சம்மா போன் பண்ணியிருந்தது. ஒற்றை ஆள், ஒற்றை மாடு. அந்த மாடு போன ஈற்றுக்குப் பிறகு பருவத்துக்கே வராமல் இழுத்தடித்து, இன்றைக்குத்தான் கத்தியிருக்கிறது. கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் இந்தக் கோலம். தெருமுனை மெக்கானிக் ஜமால் பாயைக் கூட்டிவந்தேன். டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்.

"பஞ்சர் இல்ல சார். யாரோ வேணும்னே காத்த எறக்கிவிட்டிருக்காக."

நோட்டம் விட்டிருக்கிறார்கள். நான் எந்நேரம் எழுகிறேன், எந்நேரம் வண்டியைத் தொடுகிறேன் என்று பார்த்திருக்கிறார்கள். வீடு கூட்டி, வாசல் தெளித்துக் கோலம் போடும்போது யாரையாவது பார்த்தாயா என்று பாக்கியத்திடம் கேட்டேன். "நான் குனிஞ்சு கோலத்தப் பாப்பேனா, தெருவப் பாப்பேனா?" என்று எரிந்து விழுந்தாள். கேட்டது ஒரு குற்றமா?

காற்றடித்துக் கிளம்புவதற்குள் பொழுது ஏறிவிட்டது. போய்ப் பார்த்தால் மாடு அடங்கிவிட்டது. வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று சத்தம் போட்டேன். "ஒங்க கைக்குத்தான்யா இது சினை நிக்கும். இனிமே மூணு வாரம் கழிச்சுத்தான கத்தும், அப்பப் பாத்துக்கிருவோம்" என்றது ஓச்சம்மா. முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

செப்டம்பர் 13, சனி

மதுரைக்குப் போய் வந்தோம். பாக்கியம் பிடிவாதமாக ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். கோயம்புத்தூரில் இருக்கிற மகள் தமிழரசியும் போனில் கூடச் சேர்ந்துகொண்டு ஒரே நச்சரிப்பு. வண்டியிலேயே போய்விடலாம் என்றேன், பஸ்ஸில்தான் வருவேன் என்று முறைத்துக்கொண்டு நின்றாள். தலையில் ஒரு ஸ்கேன், இன்னும் ஏதேதோ. டாக்டர் சின்னப் பையன், என் மகளைவிட இளையவன். மாத்திரை எழுதிக்கொடுத்தான். கொஞ்ச காலத்துக்கு வண்டி ஓட்டக் கூடாதாம். வயசான ஆள் போனால் எல்லாருக்கும் இதே பாட்டைத்தான் பாடுவார்கள். பிறகு பாக்கியத்திடம், கையில் சாவி கீவி கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று என்னவோ வகுப்பெடுத்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசதிதான். வெயிலில் அலைகிறவனுக்கு அசதி வராதா?

திரும்பும்போது கறிவேப்பிலை வாங்க வேண்டும் என்று தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். பாய் கடைப் பக்கம் கறிவேப்பிலை எங்கே விற்கிறது என்று தெரியவில்லை. வெறுங்கையோடு வந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

பெட்ரோலை உறிஞ்சிவிட்டான்! டேங்க் காய்ந்துகிடக்கிறது. சனிக்கிழமைதான் வழிய வழியப் போட்டேன். கீழே டியூபைக் கழற்றிப் பிடித்திருக்கிறான், ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தவில்லை. பழகின கை.

புழக்கடையில் பாக்கியம் ஒரு பிளாஸ்டிக் கேனை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் வாடை அடிக்கிறதே என்றேன். கொசு மருந்தாம். ஊரே திருட்டுப்போகிறது, இவளுக்குக் கொசுதான் முக்கியம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கம் வருகிறது. தூங்கினால் வண்டியை யார் பார்ப்பது? இன்று போடவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

எழுதவே கை ஓடவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் காணோம்.

உதைத்து உதைத்துக் கால் வலித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். பிளக் இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் தூசி போகாமல் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியைச் சுருட்டி வைத்திருக்கிறான். இவ்வளவு கரிசனமான திருடனை நான் பார்த்ததில்லை.

பிளக்கைக் கழற்ற அதற்குண்டான ஸ்பானர் வேண்டும். எங்கள் தெருவில் அது யாரிடம் இருக்கிறது? ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. நேரே ஜமால் பாய் கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "ஏன் பாய், எத்தனை வருசப் பழக்கம்? என் வண்டிலயே கை வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்தார். "உக்காருங்க சார், டீ சொல்றேன்" என்றார்.

குற்றமில்லாதவனாக இருந்தால் கோபம் வர வேண்டுமா இல்லையா?

வீட்டில் சொன்னதும் பாக்கியத்துக்கு முகமே மாறிவிட்டது. "அந்த மனுசனப் போயி கேட்டீங்களா? நாலு பேரு முன்னாடியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் பாய் வீட்டுக்குப் போனாள். வரும்போது கண் சிவந்திருந்தது. எதற்குப் போனாய் என்று கேட்டேன். "ஒங்களுக்காக மன்னிப்புக் கேக்க" என்றாள்.

வேறு பிளக் வாங்கி மாட்டிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அலாரம் வைத்தாயிற்று. வண்டியைத் தொட்டால் தெருவே எழுந்து உட்காரும். முதல் நாளே பூனை ஏறிப் படுத்து, வில்லியம் சார் வீட்டார் எல்லாரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அவர் கையில் கிரிக்கெட் மட்டை.

காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீர் பட்டாலும் அலறுகிறது என்று பாக்கியம் சொன்னாள். நியாயம்தான். ரிமோட்டை எப்படி அமுக்கினால் அலாரம் அடங்கும், திரும்ப எப்படிப் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். செல்போனில் ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னால் மாதக்கணக்கில் வராது, இது மட்டும் உடனே வந்துவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

காபி டம்ளர் கை தவறி விழுந்துவிட்டது. நாலைந்து தரம் கூப்பிட்டும் நான் பதில் சொல்லாமல் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தேன் என்கிறாள் பாக்கியம். திருடனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறவன் சுவரைத்தானே பார்ப்பான்?

"மாத்திரையப் போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன்.

சட்டையெல்லாம் காபி.

செப்டம்பர் 27, சனி

திருடன் வீட்டுக்குள் வந்துவிட்டான்.

வண்டிச் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கும். மாட்டுக் காதில் குத்துகிற மஞ்சள் வில்லை ஒன்றைச் சாவி வளையத்தில் போட்டு வைத்திருப்பேன். இன்று வளையமும் வில்லையும் அதே ஆணியில் தொங்குகின்றன, சாவியை மட்டும் காணோம். பீரோவைத் திறக்கவில்லை, என் கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துபோயிற்று.

வீட்டைப் புரட்டிப் போட்டேன். அரிசி டப்பா, மாவு டப்பா, ஊசிக் கேனின் உறை, பாக்கியத்தின் சேலை அடுக்கு, ஒன்றையும் விடவில்லை. அவளும் கூடவே தேடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தவள் ஏனோ மாராப்பை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கெடைச்சா கெடைக்குது. கொஞ்ச நாளைக்கு வண்டி அப்படியே நிக்கட்டுமே. என்ன குடிமுழுகிப்போகுது?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "நின்னா நானும் நிக்க வேண்டியதுதான்டி. கேனத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போவேனா? மாட்டுக்காரன் எவன் என்னக் கூப்பிடுவான்?" என்று கத்திவிட்டேன். அவள் தட்டைத் தொடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

சாவி அவன் கையில். சங்கிலி ஒன்றுதான் பாக்கி. அரைஞாணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. ஆனால் ஏற்றி நசுக்க முடியவில்லை. ஹேண்டில் பூட்டிக்கிடக்கிறது, சாவி இல்லை. தெருவில் எல்லா வண்டியும் டப் டப்பென்று பழத்தை நசுக்கிக்கொண்டு போகின்றன. என் பழம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வெட்கத்தை விட்டுப் பாய் கடைக்குப் போனேன். அங்கேயும் ஸ்பானர்களுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பேசினதுக்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்லிவிட்டு, லாக்கை உடைத்துப் புதுசு போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன்.

"பூசையில வச்ச சாமானை இன்னைக்குத் தொடக் கூடாதுல்ல சார்" என்றார் பாய்.

"நாளைக்கு?"

"நாளைக்கு விசயதசமி. லீவு."

"மறுநாள்?"

பொரிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "சார், அக்கா சொன்னா செஞ்சு தர்றேன்" என்றார்.

இதில் பாக்கியம் எங்கே வந்தாள்? வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுதுகிற நிலையில் இல்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் ஓச்சம்மா போன் பண்ணியது. "டாக்டரய்யா, மாடு கத்திருச்சு. காலைல வந்திருவீகள்ல?" என்றது. வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் தவறினால் என் கை மேல் அது வைத்திருக்கிற நம்பிக்கை போய்விடும், மாடும் இன்னும் வறண்டுபோகும். சுத்தியலை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனேன். பாக்கியம் பின்னாலேயே ஓடிவந்து, "வேணாங்க, ஒடைக்காதீங்க, சொன்னாக் கேளுங்க" என்று கையைப் பிடித்தாள். உதறினேன். சுத்தியலை ஓங்கினது ஞாபகம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் ஞாபகம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். பாக்கியத்தின் முகம் என் முகத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது. முதுகை வளைத்துக் குனிந்தபடியே இருந்தாள். வியர்வையும் கண்ணீருமாக என் கன்னத்தில் சொட்டியது.

"கையை விடுங்க" என்றாள். "எனக்கு நிமிர முடியல."

என் வலது கை இறுக்கி மூடியிருந்தது. விரல்களுக்கு இடையிலிருந்து அவள் கழுத்துவரை தாலிக்கொடி நீண்டிருந்தது. மெல்லப் பிரித்தேன். தாலிக்குப் பக்கத்தில் ஊக்கு, ஊக்கில் என் வண்டிச் சாவி.

கையும் களவுமாகத்தான் பிடித்திருக்கிறேன். ஆனால் என் கை அது.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். "டாக்டரு கையில எதுவும் குடுக்கக் கூடாதுன்னாரு. படுக்க மட்டுந்தான் வச்சேன். அப்பறம் நீங்க வெட்டி வெட்டி இழுக்கவும் மனசு கேக்கல. கையில அகப்பட்ட இரும்பு இதுதான்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கால்வாய்க் கரையில் நான் எப்படிக் கிடந்தேன், வாயில் நுரை எப்படி வந்தது என்று மச்சக்காளை சாவி வாங்க வந்த அன்றைக்கே நடித்துக் காட்டியிருக்கிறான். காற்றை இறக்கினது, பெட்ரோலை எடுத்தது எல்லாம் அவள்தான். பிளக்கைக் கழற்ற ஸ்பானர் கொடுத்தது பாய். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு எனக்கு டீ சொன்ன மனிதர்.

"ஏன்டி, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா? அசதிம்பீங்க. மண்ணு சறுக்கிருச்சும்பீங்க. நான் ஒண்ணு கேட்டா நீங்க வெள்ளரிக்காய்க்கு விதை எத்தனைன்னு கேப்பீங்க. பஸ்ஸுக்கடியில போயிக் கெடந்தீங்கன்னா நான் யாருகிட்டங்க சண்டை போடுவேன்?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது நான்தான் கை கொடுத்தேன்.

இன்று விடிந்ததும் ஓச்சம்மாவுக்குப் போன் போட்டேன். உடம்பு சரியில்லை, காய்ச்சல், வண்டி ரிப்பேர் என்று எத்தனையோ வாயில் வந்தன. பாக்கியம் பக்கத்தில் நின்றாள்.

"ஓச்சம்மா, எனக்கு வலிப்பு வருது. வண்டி ஓட்டக் கூடாது" என்றேன்.

அந்த வார்த்தையை நான் இதுவரை வாயாலும் சொன்னதில்லை, இந்த நோட்டிலும் எழுதினதில்லை. வேறு ஆள் போன் நம்பர் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"அப்பிடியா" என்றது ஓச்சம்மா. "மாட்டுக்கு ஊசி போடலாம்ல?"

"ஊசி போடலாம்."

"அப்பறமென்ன. நீங்க ஏன் வர்றீக? மாட்டுக்குத்தான் காலு இருக்குல்ல, ஓட்டிட்டு வாரேன்."

வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது. வில்லியம் சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டைக் கட்ட இடம் வேண்டுமே. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துச் சங்கிலியைத் திறந்தேன். பாக்கியம் குனிந்து தாலியிலிருந்த சாவியால் ஹேண்டிலைத் திறந்தாள். இரண்டு பேருமாக வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனோம். எலுமிச்சம்பழம் நசுங்கியது. தூணில் மாட்டைக் கட்டினேன். நல்ல பருவம். ஒரே தரத்தில் ஊசி போட்டு முடித்தேன்.

ஓச்சம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு போன பிறகு போர்ட்டிகோ முழுக்கச் சாணி. பாக்கியம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தேன்.

"வண்டியப் பூட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"சாவி ஒங்கிட்டதான இருக்கு. நீதான் பூட்டணும்" என்றேன்.